வெட்டாமல் விட்ட மடிப்பு

நண்பா,

இன்று மத்தியானம் நல்ல வெயில். அலமாரியைத் திறந்ததும் ரப்பர் ஷீட் வாசம் குப்பென்று வந்தது. நம் புத்தகம்தான். புத்தகத்துக்கு ரப்பர் ஷீட்டில் அட்டை போட்ட மகராசன் இந்த மலாயாவிலேயே நீ ஒருவன்தான். வெயிலில் கையோடு ஒட்டுகிறது, மழையில் பூசணம் பிடிக்கிறது. திட்டிக்கொண்டேதான் துடைக்கிறேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகியும் அது மட்டும் மாறவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வாடகை அறையில் பாதியைக் கை அச்சு இயந்திரம் பிடித்துக்கொண்டது, மீதியில் நீ படுத்தாய். ரயில்வே பட்டறை வேலை முடிந்து வந்து நான் தாள் மடிப்பேன், நீ நூல் கோத்துத் தைப்பாய். யாப்பும் இல்லை கதையும் இல்லை என்று ஊர் சிரித்த எழுத்தையெல்லாம் தேடித் தேடி அச்சடித்தாய். என்னிடமும் கேட்டாய். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போன என் மகளைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் அவள் பெயர் மட்டும்.

அச்சுக் கோத்த அன்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"எடுத்துடுய்யா, கண்டவனும் படிப்பான்" என்றேன். மறுநாளே வந்து, "எடுக்காத, இருக்கட்டும்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. அந்தத் தாளை மடித்து, ஓரத்தை வெட்டாமலே தைத்தாய். "பேரு உள்ள இருக்கும். வேணுங்கிறவன் வெட்டிப் பார்த்துக்குவான்" என்றாய்.

கிள்ளான் பாசார் சந்தைப் புத்தகக் கடைக்காரர், விற்கக் கொடுத்த பத்துப் பிரதியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னா தம்பி, எல்லாத்துலயும் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு?"

"உங்க வீட்ல கத்தி இல்லையாண்ணே?" என்றாய். மனுஷர் அதற்குப் பிறகு நம் பக்கமே வரவில்லை.

அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. புரட்டிக்கொண்டே வந்தவள் அந்த மடிப்பில் நின்றாள். "இதுக்குள்ள என்னாங்க?"

மீன் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து கோணல்மாணலாக வெட்டினாள். வெள்ளைத் தாளில் ஒரே ஒரு சொல். "படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

"பொன்னி" என்றேன்.

அன்று இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். அதன்பின் அந்தப் பெயர் வீட்டில் புழங்க ஆரம்பித்தது. பிறகு பிறந்த மகனுக்கும் தனக்கொரு அக்காள் இருந்தாள் என்று தெரியும். இதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பாய்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என் மனைவி பொன்னியின் பெயரைச் சொல்வாள். இப்போது அதை அடுத்து உன் பெயரையும் சொல்கிறாள். நானும் கூடவே சொல்கிறேன், சத்தமாக.