அளந்து சொன்னவன்

யாம்பலி, எங்கா மலைநாடு,
பாப்புவா நியூ கினி
மார்ச் 3

அன்புள்ள டெல்மா அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். லாயே நகரத்தில் உன் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் வேலை தேடியாயிற்று. மீன் கம்பெனியில் கால் கடுக்க நின்று என்னை நில அளவை படிக்க வைத்தாய். கடைசியாகப் போன சுரங்க அலுவலகத்தில் காவலாளி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, என்கிட்டயும் ஒரு டிகிரி இருக்கு, காட்டவா?" என்றான். சிரித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே நம் குலத்துக்கும் அக்கரைக் குலத்துக்கும் மறுபடி சண்டை மூண்டிருக்கிறது. பயப்படாதே. சர்க்கரைவள்ளித் தோட்டம் போடப் போகிறேன்.

உன் தம்பி
கெபாஸ்


லாயே
மார்ச் 20

அன்புத் தம்பி கெபாஸ்,

தோட்டம் போடு, பன்றி வள. துப்பாக்கிப் பக்கம் மட்டும் போகாதே. இதே மாதிரி ஒரு சண்டையில் அப்பாவை வெட்டிய அன்று உன்னை முதுகில் கட்டிக்கொண்டு ஓடியவள் நான். உனக்கு நினைவிருக்காது.

துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள். மூட்டை தூக்கும் வேலைதான். வந்துவிடேன். பட்டதாரி மூட்டை தூக்கினால் வானம் இடிந்து விழாது.

இங்கேயும் அக்கரை ஆட்கள் இருக்கிறார்கள். சந்தையில் பார்த்தால் இன்னும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

உன் அக்கா
டெல்மா


யாம்பலி
ஏப்ரல் 17

அக்கா,

கோபிக்காதே. சண்டைக்குத் தலைமை தாங்கும் பியாசோ மாமா வந்தார். "நாங்க கண்ண மூடிக்கிட்டுச் சுடுறோம். நீ படிச்சவன். இந்த மேட்டுலேர்ந்து அவங்க வேலி எவ்வளவு தூரம்னு சொல்லுடா" என்றார்.

சொன்னேன். தூரம், சரிவு, காற்று எல்லாம் பார்த்துச் சொன்னேன்.

விடியும்போது வேலியோரம் மூன்று பேர் விழுந்தார்கள். ஒருவன் எழுந்து உட்கார்ந்து, சரிந்த குடலைக் கையால் உள்ளே தள்ளினான். மறுபடி சுட்டார்கள். நான் புல்லில் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் பன்றி அடித்து முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தார்கள். "எஞ்சினியர், இப்படி உட்காருங்க" என்று பெரியவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகு என்னை யாருமே உட்காரச் சொன்னதில்லை, அக்கா.

மூட்டை தூக்க வரமாட்டேன்.

கெபாஸ்


லாயே
ஜூன் 9

கெபாஸ்,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அக்கரை ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் சந்தையில் எனக்கு இளநீர் வெட்டித் தருபவன். "அந்த எஞ்சினியரோட அக்காவா நீ?" என்று அவன்தான் கேட்டான். இல்லையென்று சொல்லிவிடேன் என்று அவன் கண் கெஞ்சியது.

"ஆமா, என் தம்பிதான்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்கள் வெட்டினார்கள். முதல் வெட்டைக் கையால் தடுத்தேன். மணிக்கட்டோடு போய்விட்டது. "வேலியோரம் செத்தது எங்க அண்ணன்டி" என்று ஒருவன் அழுதுகொண்டே தோளில் வெட்டினான். ஜனங்கள் கல்லெறிந்து அவர்களை விரட்டியதால் உயிர் இருக்கிறது.

கம்பெனியில் என் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். டீச்சர் படிப்பு படித்தவளாம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்து, என் கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதாள். போய் வேலையைப் பார் என்று அனுப்பிவைத்தேன்.

நேற்று போலீஸ்காரர் வந்தார். "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டெல்மா