உருமாத் துணியில் கட்டிய காயம்

ஊருக்குத் தவசியாகவும் உன் சபையாருக்குத் தானியேலாகவும் இருந்த என் ஆசைத் தங்கச்சி மகனே,

திருச்சுழிச் சீமையிலேயே பொய் பேசியறியாத ஒரே மனிதனான நான், விடிவெள்ளியைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: இப்போது எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். யாராவது நம்பினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் பாதியிலேயே போய்விட்டாயே, மீதியை உனக்கு யார் சொல்வது?

ஒரு சாண் வரப்புக்காகப் பக்கத்துக் காட்டுக்காரன் வேலு உன் அப்பாவை வெட்டிப்போட்டான். அன்று ஓடிய ரத்தத்தில் வறண்டு கிடந்த நம் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கரிசல் காட்டில் பருத்தி சிவப்பாகவே வெடித்தது.

அப்பன் செத்தால் மகன் தலையில் தாய்மாமன் உருமா கட்டவேண்டும். கட்டிய பிறகுதான் அவன் அந்த வீட்டுக்கு ஆம்பளை. கருமாதியன்றே செய்யவேண்டியதை உன் பங்காளிகள் நிறுத்திவைத்தார்கள். வேலு ஜாமீனில் வரட்டும், உருமா கட்டிய கையோடு அவனை முடித்துவிடுவோம் என்று பேச்சு.

அதற்குள் நீ அருப்புக்கோட்டை மில் வேலைக்குப் போய், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். "என்னலே இது, வேற ஆளா வந்திருக்க?" என்று குதித்தேன்.

"பொறந்ததுல இருந்து வெட்டுக்காரன் பேரன், வெட்டுக்காரன் மகன்னுதான் மாமா என்னையச் சொன்னாக. அங்க முழங்கால் போட்டப்பத்தான் நானும் ஒருத்தருக்குப் பிள்ளைன்னு தோணுச்சு."

"அப்ப நான் யாருலே ஒனக்கு?"

"நீங்க மாமா. அதுல மாத்தமில்ல. பசிக்கி, சோறு போடச் சொல்லுங்க."

வேலு ஜாமீனில் வந்தான். ஏழு மைல் நீளத் துணியும் அதற்குள் சுற்றிய அருவாளுமாக நான் வந்து இறங்கினேன். அருவாளா அது! பிடி மல்லாங்கிணற்றில் இருந்தால் நுனி திருச்சுழியில் இருக்கும். சாணை பிடித்த சத்தத்தில் பறந்துகொண்டிருந்த பருந்துகள் செத்து விழுந்தன.

உன் பெரியப்பா இருளப்பன் மீசையை முறுக்கினார். "கட்டுங்க மச்சான். ஏலே தவசி, நீ யாரு மகன்லே? இன்னைக்குக் காட்டுலே!"

நீ துணியை மட்டும் எடுத்துக்கொண்டு அருவாளை என் பக்கமே தள்ளினாய். "எங்கப்பா மகன்தான் பெரியப்பா. ஆனா எனக்கு மேல ஒரு தகப்பன் இருக்காரு. வெட்டிட்டு வான்னு அவரு சொல்லல."

"அப்ப வளவி வாங்கித் தாரேன், போட்டுக்க!" என்று காறித் துப்பினார்.

உன் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. நாற்பதாயிரம் பேர் வேலு வீட்டின் மேல் விழுந்தார்கள். பிய்த்தெறிந்த கதவு குமாரலிங்கபுரத்தில் போய் விழுந்தது. அந்தப் பக்கமிருந்து வந்த கற்கள் வெயிலையே மறைத்தன. வேலுவின் கெண்டைக்காலில் விழுந்த வெட்டில் ரத்தம் பீறிட்டு, மேலே போன விமானம் மதுரைக்கே திரும்பிவிட்டது.

நீ அத்தனை அருவாளுக்கும் ஊடே புகுந்து, அவன் காலைத் தூக்கி மடியில் வைத்தாய். உன் அப்பாவைக் கொன்றவனின் கால். தலையில் கட்டவேண்டிய உருமாவைக் கிழித்து அந்த வெட்டைச் சுற்றிக் கட்டினாய். மலை அசைந்தாலும் உன் கை அசையவில்லை. நாற்பதாயிரம் அருவாளும் அந்தரத்தில் நின்றன.

அப்போது அந்தக் கல் வந்தது. அவர்கள் எறிந்ததா, நம் ஆள் எறிந்ததா? போலீஸுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உன் பின்மண்டையில் பட்டது. கட்டின காலின் மேலேயே சாய்ந்தாய். இந்த இடத்தில் எனக்குப் புளுக வரவில்லை மருமகனே.

உன் சபையார் டவுனில் உன்னை அடக்கம் செய்தார்கள். பாட்டுப் பாடினார்கள். நான் உள்ளே வராமல் வேலியோரம் நின்றேன். சாமியாடி வீட்டில் பிறந்தவன் அங்கே எந்தக் கையை எப்படிக் கூப்புவது?

நீ கட்டிய கட்டோடு வேலு பிழைத்து வீட்டில் கிடக்கிறான். நேற்று பங்காளிகள் மறுபடி கூடினார்கள். "தம்பிக்கும் சேத்து, மகனுக்கும் சேத்து. நாளைக்கு மொத வெட்டு ஒங்களுது மச்சான். தாய்மாமன்ல?" என்றார் இருளப்பன்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் இருளப்பனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எம்புள்ள கட்டுன கட்ட அவுக்கவா அண்ணே போறீக?"

இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விடியட்டும், பாப்போம்" என்று போய்விட்டார்.

உன் ஆண்டவரை எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். தான் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்தவனால்தான் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமோ? நீ இருந்தால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லியிருப்பாய்.

சரி, உன்னிடம் என்ன மறைப்பு. நாற்பதாயிரம் பேர் இல்லை, ஒரு டிராக்டர் லோடு ஆட்கள். அருவாள் ஒரு முழம். கண்மாயில் இன்னும் புழுதிதான் பறக்கிறது. உன் கை மலை மாதிரி இருந்ததும் பொய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், வெடவெடவென்று நடுங்கியது. முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை இறுக்கினாய். இந்தக் கதையில் அந்தச் சின்ன முடிச்சு மட்டும் நிசம்.

இப்போது விடிகிறது. அவர்கள் கிளம்புமுன் வேலு வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன். அருவாளைக் கிணற்றில் போட்டாகிவிட்டது. என் கையும் நடுங்குகிறது. ஆனாலும் நிற்பேன், இது சத்தியம்.

தவசிக்கும் தானியேலுக்கும் ஒரே தாய்மாமன்,
காசிராஜன்