வாந்தி எடுத்தால்தான் பயிற்சியா?

ஜூலை 8, செவ்வாய்

குளித்தும் நாற்றம் போகவில்லை. குமுதாவின் வாந்தி என் காலணியில். கழுவிக் காயப் போட்டிருக்கிறேன்.

நாங்கள் ஈஜோக் ஊர்ப் பெண்கள் கயிறு இழுக்கும் குழு. தொழிற்சாலை, கேண்டீன், என்னைப் போல் கிளினிக் கவுண்டர் என்று நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவர்கள். மெர்டேக்கா சுதந்திர நாளன்று புக்கிட் ரோத்தான் பாடாங் திடலில் போட்டி. போன வருடம் முதல் சுற்றிலேயே சரிந்தோம். அதனால் இந்த வருடம் என் கொழுந்தன் திவாகரன் பயிற்சியாளன். வார இறுதியில் ஏதோ ஒரு கோர்ஸ் போய் வந்தான். உடனே கழுத்தில் விசில். பந்து மேல் முழங்காலிட்டு நிற்க வேண்டுமாம். முகமூடி மாட்டிக்கொண்டு ஓட வேண்டுமாம். லோரி டயரைப் புரட்ட வேண்டுமாம். எல்லாம் மூச்சு விடாமல். சரி, கயிறு எங்கே? இந்த மாதம் அதைத் தொடவே இல்லை.

குழுவில் என்னோடு இழுக்கிற குமுதா குனிந்து வாந்தி எடுத்தபோது அவன் ஓடி வந்தான். தாங்கிப் பிடிக்க வருகிறான் என்று நினைத்தேன். ஃபோனை நீட்டிப் படம் பிடித்தான்.

"வாந்தி எடுத்தாதான் அண்ணி உண்மையான டிரெய்னிங்."

சீ.

ஜூலை 9

வீடியோவைப் போட்டுவிட்டான். பாட்டு வேறு. அவள் வாயிலிருந்து எச்சில் தொங்குவதை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறான். கீழே யார் யாரோ சிரிக்கிறார்கள். "மாடு கக்குது" என்று ஒருவன். அதற்கும் இவன் ஒரு லைக்.

அதே கையால் என் வீட்டில் சோறு பிசைந்தான். என் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சேதுவிடம் சொன்னேன். "தம்பி ஏதோ ஆர்வத்துல செய்றான், விடு லா." கட்டிய புருஷன் சொல்கிற பதில்.

ஜூலை 10

வீடியோவை அழிக்கச் சொல்லிக் கேள் என்று குமுதாவிடம் சொன்னேன்.

"வெக்கமாத்தான்க்கா இருக்கு. ஆனா என்னைப் பார்த்து 'நீ பலசாலி'ன்னு சொன்ன மொத ஆளு அவன்தான்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவள் விழுந்து விழுந்து எழுகிறாள். அது தெரிந்தேதான் அவன் சொல்கிறான் என்றால் — அது வாந்தியைவிட அசிங்கம்.

ஜூலை 12, சனி

குந்தி எழும் பயிற்சி. முடிகிற வரை, முடியாமல் போன பிறகும். குமுதாவின் தொடை தனியாக நடுங்கியது.

"நிறுத்து திவா" என்றேன்.

"உடம்பு பொய் சொல்லும் அண்ணி. நம்பாதீங்க."

பாடாங்கை விட்டு வெளியே வந்துவிட்டேன். கூட யாரும் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் குமுதாவின் மகள் தனுஜா ஃபோன் செய்தாள். "பெரியம்மா, அம்மாவால கால மடக்க முடியல."

போய்ப் பார்த்தால் தொடை இரண்டும் வீங்கிப் பலகை மாதிரி. சிறுநீர் பாலில்லாக் கோப்பி ஓ நிறம். நேராகக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

அளவுக்கு மீறி வேலை வாங்கியதில் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறதாம். சிறுநீரகமே கெட்டுப் போகலாமாம். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். நான்தான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

திவாகரனுக்கு ஃபோன் போட்டேன். அவன் முதலில் கேட்டது: "ஆஸ்பத்திரில என் பேரச் சொல்லிட்டாங்களா அண்ணி?"

ஜூலை 15

இன்னும் டிரிப். இன்னும் அதே நிறம்.

ஜூலை 17

நிறம் வெளுத்துவிட்டது. டயாலிசிஸ் வேண்டாம் என்றார்கள். நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் அவன் கூடத்தில் வெளிச்சம் பார்த்து நின்று ஃபோனில் இன்னொரு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். "குமுதா அக்காவுக்காக எல்லாரும் வேண்டிக்குங்க." அந்த வாந்தி வீடியோவை இன்னும் நீக்காமலேயே.

ஃபோனைப் பிடுங்கினேன். "ரெண்டையும் இப்பவே அழி. இல்லன்னா இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது."

"சேது அண்ணே—" என்று ஆரம்பித்தான்.

சேது தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அழிடா" என்றார்.

அழித்தான். எனக்கு அருவருப்பு மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குமுதாவோடு பிசியோவிடம் போனேன். மலாய்ப் பெண். போட்டிக்கு எப்படித் தயாராவது என்று கேட்டதற்கு, அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்பது போலத்தான் பதில் சொன்னாள். குந்தி எழுங்கள், இழுங்கள், பாரம் தூக்கி நடங்கள். இன்னும் கொஞ்சம் முடியும் என்கிறபோதே நிறுத்துங்கள். வாரா வாரம் சிறிது கூட்டுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

இவ்வளவுதானா? இதற்கா முகமூடி?

குழுவைக் கூட்டினேன். மணல் மூட்டை, தண்ணீர் வாளி, கயிறு. "இவ்வளவு லேசா இருந்தா எப்படிக்கா ஜெயிக்கிறது?" என்றாள் மாலா, எங்களில் சின்னவள். இதற்குத்தான் கோபம் வருகிறது. கஷ்டப்படுவதையே பலம் என்று எங்கள் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போட்டி. குமுதா இழுக்கக் கூடாது. ஓரத்தில் நின்று குரல் கொடுத்தாள். அவள் குரலுக்கு ஒரே ஆளாகச் சாய்ந்தோம். இரண்டு சுற்று தாண்டி, அரையிறுதியில் புக்கிட் பெருந்துங் குழுவிடம் தோற்றோம். கடைசி வரை கால் வழுக்கவில்லை. மாலா, "இன்னும் இழுக்கத் தெம்பு இருக்குக்கா" என்றாள்.

வீட்டில் திவாகரன் என்னைக் கண்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

லேசாகத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குமுதா இன்று பயிற்சிக்கு வந்தாள்.

திவாகரனும் வந்தான். கோல் கம்பத்தருகே சும்மா நின்றான். போகச் சொல்ல வாயெடுத்தேன். குமுதா முந்திக்கொண்டாள்.

"என்ன, சேர்ந்துக்கிறியா?"

தலையாட்டினான்.

"அந்த ரெண்டு வாளியத் தூக்கிட்டு மரம் வரைக்கும் போய்ட்டு வா."

போய் வந்தான். "இன்னொரு தடவை போகட்டுமாக்கா?"

"வேணாம். வச்சிட்டு உக்காரு."

உட்கார்ந்தான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவள் அவனைப் பார்க்காமல் தன் மூட்டையைத் தூக்கினாள், சிறியதுதான், நிதானமாகப் பாடாங் ஓரமாக நடந்தாள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க இன்னும் பிடிக்கவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் குறைந்தபோது, அவனைத்தான் கூப்பிட்டேன்.