இரண்டாவது ரொட்டி

அண்ணை,

இன்று மாசி என்கிற புறநகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். என் மகன் கட்டப்போகும் பிள்ளையின் வீடு. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே குசினியிலிருந்து நெய்யில் ரவை வறுபடும் மணம் வந்தது. உங்கள் குருத்துவாராவில் பிரசாதத்துக்குக் கோதுமை மாவைக் கிளறும்போது வருகிற மணம்தான். ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். போன குளிர்காலத்தில் உங்களைக் கடைசியாக வழியனுப்பிவைத்த பிறகு இன்றைக்குத்தான் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் போலிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மங்கரே விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக வந்து, "என்னா தங்கச்சி, பசியாறியாச்சா?" என்றீர்கள். கையிலிருந்த பெட்டியை நழுவவிடப் பார்த்தேன். "பேராக்ல ரப்பர் தோட்டத்துல பொறந்தவன்லா நான். தமிழ்ப் பிள்ளைங்ககூடத்தான் வளர்ந்தேன்" என்று சிரித்தீர்கள். ஊரை விட்டு வந்து தனித்துக் கிடந்த எனக்கு அந்தத் தமிழ் எவ்வளவு பெரிய ஆறுதல், தெரியுமோ!

தேநீர் இடைவேளைகளில் உங்கள் அப்பாவைப் பற்றித்தான் கதைப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்து மலாயாவில் அவர் பொலிஸ்காரர். தோட்டத்துக் குருத்துவாராவில், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட சீக்கியர்களைச் செருப்பு விடுகிற இடத்தில் உட்காரவைத்து, பிரசாதத்தைக் கை படாமல் மேலிருந்து போடுவார்களாம். குரு சொன்னது இதையா என்று உங்கள் அப்பா கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. முதலில் அந்த மனிதர்களின் வீடுகளுக்குப் போய்ச் சாப்பிட்டார். பிறகுதான் அவர்களைக் கூட்டிவந்து பொதுச் சமையலில் சேர்த்தார். சொந்தக்காரர்களே அவருடைய பொலிஸ் தொரையிடம் போய்க் கலகக்காரன் என்று சொன்னார்கள். தொரை, "பிரசங்கமா, யூனிபோர்மா?" என்று கேட்டான். உங்கள் அப்பா யூனிபோர்மைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தார். அதன்பின் மாடு வளர்த்துப் பால் விற்றார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டியதற்காகப் பிடிபட்டு மறியலிலும் கிடந்தார்.

"சமம்னு வாயால சொல்றது லேசு. மொதல்ல அவங்க வீட்டுல போயி சாப்புடு, அப்புறம் பேசு." இது உங்கள் அப்பாவின் சொல். எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்!

அப்படிப்பட்டவரின் மகனான நீங்கள், உங்கள் மகள் விரும்பிய பையன் யார் என்று தெரிந்ததும் முகம் கறுத்துப்போனீர்கள். அவன் உங்கள் அப்பா கூட்டிவந்து உட்காரவைத்த அதே சாதி. "நல்ல பையன்தான் தங்கச்சி. ஆனா சொந்தக்காரங்க என்னா சொல்வாங்க?" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கடை கொப்பர் பொலிஸ் உடுப்பைக் கழட்டிக் குடுத்தது, நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதை சொல்லவோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

அதன்பின் பல நாள் கோப்பையை எடுத்துக்கொண்டு தனியே போய்ப் பலகை அடுக்கின் மேல் இருப்பீர்கள். உங்கள் மகள் வீட்டில் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று வேறு ஆட்கள் சொன்னார்கள்.

ஒரு திங்கட்கிழமை நீங்களாகவே வந்தீர்கள். "நேத்து அவங்க வீட்டுக்குப் போனேன் தங்கச்சி. பசியாற வந்திருக்கேன்னு சொன்னேன். அந்தம்மா ரொட்டிய கையில வச்சிக்கிட்டுத் தட்டுல போடாம நிக்குது. நான் சாப்புடுவேனான்னு அதுக்குப் பயம்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது உங்களுக்கு. "மொத ரொட்டி அப்பாவுக்காகச் சாப்ட்டேன். ரெண்டாவது நெசமாவே பசி."

உங்கள் செத்தவீட்டன்று குருத்துவாராவில் அந்த மருமகன்தான் எல்லோர் கையிலும் பிரசாதம் வைத்தான். உங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு கையையும் நீட்டி வாங்கியதை நான் பார்த்தேன்.

நான் வேதக்காரி, உங்களுக்குத் தெரியும். ஒரே கர்த்தரை நம்பிக்கொண்டே கோவிலுக்குள் உட்காரும் வாங்கைச் சாதிக்கொன்றாக வேறாகப் போட்டவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். இன்று அந்தப் பிள்ளையின் தாய், சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கடை வீட்டிலை சாப்பிடுவியளோ?" என்று கேட்டார். ஆண்டவரே, இந்தக் கேள்வி இத்தனை கடல் தாண்டியும் வருகிறதே! நான் இருந்து சாப்பிட்டேன். மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கனடாவிலிருந்து அக்காவின் போன். அவள் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"பெட்டை ஊரிலை எவடம்? எந்தப் பகுதி ஆக்கள்?" சாதியைத்தான் கேட்டாள்.

"நான் அங்கை போய்ச் சாப்பிட்டிட்டன் அக்கா."

அவள் போனை வைத்துவிட்டாள். கூடப்பிறந்தவள் அல்லவா, நொந்தது அண்ணை. பிறகு மாசியில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் எடுத்து, வாற ஞாயிறு எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கோ என்று சொன்னேன்.