சரிவில் ஏறாத மெஷின்

டிச. 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். செம்மண்டலத்தில் எங்கள் தெருவே சேறு, கேப்பர் மலையில் கேட்கவே வேண்டாம். போன மாதக் காற்றில் ஒடிந்த கிளைகள் மலைச்சரிவில் எங்கள் முந்திரிக் கொல்லையில் அப்படியே. பக்கத்துக் கொல்லைக்காரர் கொளுத்திவிட்டார். நான் மாட்டேன். சாம்பல் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும். தூளாக நறுக்கி மரத்தடியில் பரப்பினால் சரிவில் மண்ணாவது நிற்கும்.

ஆகவே கிளை நறுக்கும் மெஷின். சிப்பர் என்கிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து தம்பி லூர்து போன். அப்பா விட்டுப்போன கொல்லையில் பாதி அவனுக்கு. வேலை முழுக்க எனக்கு.

"பெருசா வாங்கிடலாங்க்கா. தொடை தண்டி கட்டைய முழுங்கும். வீடியோ அனுப்பியிருக்கேன் பாரு."

வீடியோ மேல் வீடியோ. எல்லாவற்றிலும் வெள்ளைக்காரன், சமதரைப் புல்வெளி. நம்முடையது மினி டிராக்டர் என்பதே அவனுக்கு மறந்துவிட்டதா?

டிச. 11, வியாழன்

சிதம்பரம் போய் வந்தேன். பஸ்ஸில் நின்றபடியே. இடுப்பு வலி.

மெஷின் கடைக்காரர் லூர்துவிடம், "டிராக்டர் எத்தன எச்.பி. சார்?" லூர்து என்னைப் பார்த்தான். சொன்னேன்.

"ஓட்டறது சாருங்களா?"

"நான்தான்."

"அட, மேடம் ஓட்டுவீங்களா!" சிரித்துவிட்டு மறுபடி லூர்துவிடமே பேச்சு.

பொய் சொல்லக்கூடாது, நல்ல மெஷின்தான். டிராக்டரின் பின்னால் தூக்கி மாட்டுவது; டிராக்டர் இன்ஜினிலேயே ஓடும். வேப்பங்கிளையைக் கொடுத்ததும் கரும்பு மாதிரி மென்று துப்பியது. ஆனால் கடைக்குப் பின்னால் தரை தோசைக்கல். இவ்வளவு எடையைப் பின்னால் தொங்கவிட்டுச் சரிவில் ஏறினால் முன்சக்கரம் என்ன ஆகும் என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க மேடம். இந்தச் சுத்துவட்டாரத்துல யாரும் கம்ப்ளைண்ட் சொன்னதில்ல."

சுற்றுவட்டாரம் முழுக்க நெல்வயல். இவர்களுக்கு மேடு என்றால் வரப்பு.

லூர்து: "எதுக்கெடுத்தாலும் பயந்துகினே இரு நீ."

கொல்லைக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். சனிக்கிழமை வருகிறார்களாம்.

வாங்க: குடைக்கம்பி, டீசல், கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி. (முந்திரிக்காரி கடையில் முந்திரி வாங்குகிறேன்.)

டிச. 13, சனி

இன்றைக்கு எழுத்து கோணல்.

மலையடியில் சமதரையில் மாட்டி ஓட்டினார்கள். பிரமாதம். "இப்ப மேல ஏறிக் காட்டுக்கா, அப்பத்தான் ஒனக்கு நம்பிக்கை வரும்" என்றான் லூர்து. கடைக்காரரும் தலையாட்டினார். முதல் கியரில் மெதுவாகத்தான் ஏறினேன். பாதியில் ஸ்டீயரிங் காற்று மாதிரி லேசானது. முன்சக்கரம் இரண்டும் தரையில் இல்லை. கண்ணுக்கு எதிரே பானெட், அதற்கு மேல் வானம்.

கிளட்சை மிதித்து, லிப்ட் லீவரைக் கீழே தள்ளினேன். பின்னால் தொங்கிய சிப்பர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. முன்சக்கரம் டமாரென்று இறங்கியது. மெஷினே நங்கூரம் போலப் பிடித்துக்கொண்டது. இல்லையென்றால் வண்டி என்மேல்.

லூர்து "அக்கா! அக்கா!" என்று ஓடிவந்தான். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

கடைக்காரர்: "முன்னாடி வெயிட் கட்டிக்கினா சரியாயிடும் மேடம்."

இப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்!

"கழட்டி எடுத்துட்டுப் போங்க" என்றேன். கத்தினேன் என்றே எழுதலாம்.

லூர்துவுக்கு டீ கொடுத்தேன். ஆறி ஆடை படியும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

டிச. 16, செவ்வாய்

கடலூரிலேயே வேறு கடை. சொந்த இன்ஜின் வைத்த சின்ன சிப்பர். டிராக்டரில் மாட்ட வேண்டாம். மலையடியிலேயே நிறுத்திக்கொள்ளலாம், டிராக்டர் வெறுமனே மேலே போய்க் கிளையைக் கட்டி இழுத்து வந்தால் போதும். வாய் சின்னது, கைத்தண்டிக் கிளைதான் போகும். பெருங்கட்டை விறகுக்கு.

கூட வந்த லூர்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதுவே எரிச்சல்.

"சொல்லேன்டா, உனக்கும் பாதி கொல்லதான?"

"உனக்கு எது சரியோ அத வாங்குக்கா."

வெளியே வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நாதான ஏறச் சொன்னேன்..." என்று ஆரம்பித்தான்.

"ஆட்டோவ நிறுத்து மொதல்ல" என்றேன்.

டிச. 19, வெள்ளி

மெஷின் வந்தது. காது கிழியும் சத்தம். பச்சை இலை அடைத்துக்கொள்கிறது. நிறுத்து, பிடுங்கு, மறுபடி கிளப்பு. கையெல்லாம் பிசின். நாள் முழுக்க ஓட்டி நாலைந்து மரத்தடிதான் மூடியது. பெரிய மெஷின் என்றால் மதியத்துக்குள் முடிந்திருக்கும் என்று லூர்து சொல்லவில்லை. நான்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டிச. 22, திங்கள்

நல்ல வெயில். மண் இறுகிவிட்டது. சாப்பிடும்போதே லூர்து போன்.

"இன்னிக்கு மேல ஏறுவியா? நா வர்றவரைக்கும் வண்டிய எடுக்காத."

"வந்து என்னடா பண்ணப் போற? கையால புடிப்பியா?"

"புடிப்பேன். எடுக்காத."

மூன்று நாளாக இதே தொல்லை. சிதம்பரத்தில் பஸ் பிடித்து, இறங்கி, நடந்து இவன் வருவதற்குள் பாதிக் கிளை இறங்கியிருக்கும். நேற்று ஞாயிறு, பூசைக்கு இங்கே வந்தவன் மாதா கோயில் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவி கையில். வெயில் ஏறிவிட்டது. ஆளை இன்னும் காணோம்.