பிளக்கைப் பிடுங்காதீங்க!

ஏங்க, செருப்பை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். மேசையில் உறுமுகிறதே, அது நான் வாங்கிய புது டிவிடி டிரைவ். பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடாதீங்க; உள்ளே கீறல் விழுந்த டிஸ்க் காப்பி ஆகிறது, நின்றால் மறுபடி படிக்குமோ என்னவோ!

ஒல்லி டிரைவே போதும் என்று நேற்று குதித்தீங்களே, கடையில் அதையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு டிஸ்க்கைக் காப்பி எடுக்க நாற்பது நிமிஷம். சுவர் பிளக்கில் தனிக் கரண்ட் வாங்கும் இந்தக் குண்டன் பத்தே நிமிஷத்தில் முடித்தான். முறைக்காதீங்க.

சாப்பாடு அடுப்பு மேல். மதியம் உங்க அக்கா வருவாங்க. உட்கார வைத்து இந்த டிஸ்க்கைப் போட்டுக் காட்டுங்க.

அடியில் இதையும் படிங்க: பழைய கம்ப்யூட்டரில் திறக்காமல் சிக்கியிருந்த டிஸ்க் தட்டை ஒரு கம்பியால் குத்தித் திறந்தேன். நான்தான் தொலைத்தேன் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்காட்டுறீங்களே, இப்போ காப்பி ஆகிற நம்ம கல்யாண டிஸ்க்... நீங்க போட்டபடியே உள்ளே இருந்தது!