துவைக்காத பனியன்

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியம் மிச்சிரு வந்தாள். இருபத்தொன்பது வயது மகள் தகப்பனைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போனால், அவள் கையில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு சக்கரம், ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து யாரோ கோபமாக மூச்சு விட்டார்கள்.

"முள்ளெலி. பேரு இகா" என்றாள்.

அவளுக்குச் சப்போரோவுக்கு மாற்றல். கம்பெனி விடுதியில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. நகோயாவில் பிராணிகளைக் கொஞ்சுவதற்கென்றே ஒரு காபிக் கடை இருக்கிறதாம். டிக்கெட் வாங்கினால் அரைமணி நேரம் ஒரு முள்ளெலியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் தேதி இதை அங்கே விட ஏற்பாடு செய்துவிட்டாள்.

"அம்மாதான் சொன்னாங்க, நீங்க வீட்ல சும்மாத்தானே இருக்கீங்கன்னு. மார்ச் கடைசி வரைக்கும் பாருங்க. உங்க கையில சுருண்டுக்காம உக்காந்தான்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா கடைக்குப் போகட்டும்."

இருபது நிமிடம்கூட உட்காரவில்லை. ஊற்றி வைத்த தேநீர் அப்படியே ஆறியது.

பம்ப் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். கடைசிப் பத்து வருடம் நூற்றிருபது பேரை மேய்த்தேன். ஒரு எலியை மேய்க்க முடியாதா?

பிப்ரவரி 10, திங்கள்

மிச்சிரு எழுதிக் கொடுத்த தாளைச் சுமியே ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சூப்பர்மார்க்கெட்டில் எண்ணெயில் பொரிக்கும் பண்டங்கள் அவள் பொறுப்பு. வர ஒன்பது ஆகும். மனைவி வேலைக்குப் போக நான் வீட்டிலிருப்பது இன்னும் பழகவில்லை.

தாளில் உள்ளவை: பகலில் எழுப்பாதீர்கள். மாலை ஏழு மணிக்கு மேல் எடுங்கள். கையுறை வேண்டாம். மேலிருந்து பிடிக்காமல் அடியில் கை கொடுத்து அள்ளுங்கள். தினமும் அதே நேரம், அரைமணி. பொறுமை. பொறுமை என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. யாருக்காம் அந்த இரண்டு கோடு?

ஆறரைக்குக் குளித்தேன். ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ் பையன்கள் ஒரு பெட்டி கொடுத்தார்கள். அறுபது வெந்நீர் ஊற்று ஊர்களின் பெயரில் அறுபது குளியல் பொடிப் பொட்டலங்கள், தொட்டித் தண்ணீரில் கரைத்துக்கொள்ள. இன்று பெப்பு. ஒரு உயிரைக் கையில் எடுக்கும் முன் உடம்பைத் தேய்த்துக் கழுவாமல் இருப்பது மரியாதையா? வெளுத்த உடை மாற்றி, மண்டியிட்டு உட்கார்ந்து, "இன்றிலிருந்து நீங்கள்தான் எனக்கு உதவ வேண்டும்" என்று தலைதாழ்த்தி முறையாக வணங்கிவிட்டுத்தான் எடுத்தேன்.

சீறியது. சுருண்டது. அரைமணி நேரம் ஒரு முள் உருண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிச்சிருவுக்கு அறிக்கை அனுப்பினேன்: "முதல் நாள். முன்னேற்றம் இல்லை. முயற்சி தொடரும்." பதில்: "சரி."

பிப்ரவரி 13, வியாழன்

இன்று அரிமா. தண்ணீர் துரு நிறம். உருண்டை. வலது கட்டைவிரலில் ரத்தம். நான்காம் நாள் அறிக்கைக்கும் "சரி."

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று ஷிராஹோனே, பால் போல வெள்ளைத் தண்ணீர். எடுத்தேன். அதிசயமாக மூக்கை வெளியே நீட்டி என் மணிக்கட்டை முகர்ந்தது. லேசாகக் கடித்தது. சரி, பழக்கம் வருகிறது என்று நினைக்கிறேன் — வாயில் நுரை! நுரை நுரையா தள்ளுது. கழுத்தை முறுக்கி அந்த நுரையைத் தன் முதுகு முள்ளெல்லாம் பூசுது. ஐயோ, செத்துகித்துத் தொலைஞ்சா அவகிட்ட என்ன சொல்றது?

சுமியேயைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, நான் இங்க கட்லெட் பொரிச்சிட்டு இருக்கேன். எலிக்கு நுரை தள்ளுதுன்னு நான் என்ன செய்யட்டும்?"

பத்து நிமிடம் கழித்து அது எழுந்து சக்கரத்தில் ஓடியது. நான்தான் சுமியே வரும்வரை கூண்டருகிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு அறிக்கை அனுப்பவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பதினெட்டாவது ஊர். பதினெட்டாவது உருண்டை.

மார்ச் 2, ஞாயிறு

வேறு யாரும் படிக்கப்போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். எனக்கு இந்தப் பிராணியின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. பகலெல்லாம் தூங்குகிறது, புழு தின்கிறது, ஓடிக்கொண்டே மலம் கழிக்கிறது. ஆனால் மிச்சிரு பிறந்ததிலிருந்து இன்றுவரை "இதைப் பார்த்துக்கங்க" என்று என் கையில் கொடுத்தது இது ஒன்றைத்தான். பள்ளிக்கூடக் காகிதம், கல்லூரி, வேலை எல்லாம் அம்மாவோடு. நான் செந்தாயில் இருந்தேன், பிறகு மத்சுயாமா, நாகானோ, ஓய்தா. பன்னிரண்டு வருடம் தனியாக வெளியூர் வேலை. மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவேன்.

அது கடைக்குப் போனால், அவள் இனிமேல் எதையும் கொடுக்க மாட்டாள். இன்னும் இருபத்தொன்பது நாள்.

மார்ச் 8, சனி

மறுபடி நுரை. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. கூண்டைத் தூக்கிக்கொண்டு பிராணி மருத்துவரிடம் போனேன். குரோகாவா என்று ஒரு பெண் டாக்டர். மிச்சிருவைவிடச் சின்னவளாக இருப்பாள். அவள் கையில் இகா ஒரு நிமிடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தது. துரோகி.

"நல்லாத்தான் இருக்கான். புது வாசனை ஏதாவது பட்டா இப்படித்தான் நுரையாக்கிப் பூசிக்குவாங்க. கையில எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன செய்வீங்க?"

"குளிப்பேன். பின்னே, குளிக்காமலா எடுப்பாங்க?"

"சோப்பு ஏதாவது மாத்துனீங்களா?"

"சோப்பு மாத்தல. குளியல் பொடிதான்."

"எப்ப மாத்துனீங்க?"

"தினமும். ஒரு நாளைக்கு ஒரு ஊர். இதுவரைக்கும் இருபத்தேழு ஊர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். கூட இருந்த நர்ஸ் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

"நகாவோ ஐயா, இவங்களுக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. மூக்குதான் எல்லாம். இவனைப் பொறுத்தவரைக்கும் இதுவரை உங்க வீட்ல இருபத்தேழு பேரு வந்து இவனைத் தூக்கியிருக்காங்க. ஒருத்தரும் மறுநாள் வரல."

வைத்தியம்: பொடி கூடாது. இகாவை எடுத்து முடிக்கும்வரை குளிக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் போட்ட பனியனைத் துவைக்காமல் அதன் பைக்குள் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதியே கொடுத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

காலைச் சாப்பாட்டின்போது சுமியேயிடம் சொன்னேன். சூப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மிச்சிருவும் இப்படித்தான் இருந்தா."

"எப்படி?"

"மாசம் ஒரு தடவை வருவீங்க. வந்ததும் நேரா குளியலறை. ரயில் அழுக்கோட குழந்தையைத் தொடக் கூடாதுன்னு. அந்தந்த ஊர்லேர்ந்து வாங்கிட்டு வந்த பொடியைப் போட்டுக் குளிச்சி, கமகமன்னு வந்து தூக்குவீங்க. வீல்னு கத்துவா. 'இவளுக்கு என்னைப் பிடிக்கல'ன்னு எங்கிட்டக் கொடுத்துட்டுப் பேப்பரை விரிச்சிக்குவீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்? மிச்சிருவுக்குப் பார்த்த டாக்டர் பொடியைப் பத்திக் கேக்கலயே."

மீன் தட்டைச் சுமியே பக்கம் தள்ளிவிட்டேன். இதை இப்போது தெரிந்துகொண்டு நான் என்ன செய்வது?

மார்ச் 12, புதன்

மூன்றாம் நாள் அதே பனியன். மாலை ஏழு மணி, குளிக்கவில்லை. எனக்கு நானே யாரோ போல இருக்கிறது. இகா பனியனுக்குள் புகுந்துகொண்டு வெளியே வரவில்லை. சீறவும் இல்லை.

மிச்சமிருக்கும் பொட்டலங்களைச் சுமியே எடுத்துக்கொண்டாள். இன்று அவள் குளியல் தொட்டியிலேயே குசாத்சு போய் வந்தாள்.

மார்ச் 20, வியாழன்

விடுமுறை. சுமியேயும் வீட்டில் இருந்தாள். ஏழு பத்துக்கு எடுத்தேன். உருண்டைதான். மடியில் வைத்துக்கொண்டு பேஸ்பால் பார்த்தேன். ஏழரைக்கு ஒரு மூக்கு. பிறகு இரண்டு கால். மெல்ல என் வயிற்றின் மேல் ஏறி, கொட்டாவி விட்டு, முள்ளையெல்லாம் படிய வைத்துத் தூங்கிவிட்டது. நான் மூச்சைச் சின்னதாக விட்டேன். ஒரு மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய், பிறகு சுமியே தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

கம்பெனியில் பெரிய ஒப்பந்தம் கிடைத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

அறிக்கை: "மூக்கு, நான்கு கால்கள், வயிறு ஆகியவை வெளிவந்தன." பதில் ஒரு நிமிடத்தில்: "நிஜமாவா?? போட்டோ!"

மார்ச் 31, திங்கள்

மிச்சிரு: "கடைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். தேங்க்ஸ்ப்பா."

நான்கு தடவை படித்தேன்.

மே 4, ஞாயிறு

விடுமுறைக்கு மிச்சிரு வந்திருக்கிறாள். வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. சப்போரோவில் பிராணி வளர்க்க அனுமதிக்கும் வீடு கிடைத்துவிட்டதாம். நாளை மறுநாள் இகாவைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

"நல்லது" என்றேன். வேறென்ன சொல்வது? அது அவளுடைய எலி. நான் தற்காலிக ஊழியன்.

மே 5, திங்கள்

குழந்தைகள் தினம். வீட்டில் குழந்தையே இல்லாவிட்டாலும் சுமியே வருடம் தவறாமல் குளியல் தொட்டியில் வசம்பு போல மணக்கும் ஷோபு இலைக் கட்டைப் போட்டுவிடுவாள். உடம்புக்கு நல்லது, நோய் அண்டாது. இன்று மிச்சிரு முதலில் குளித்தாள். அவள் வருவதற்கு முன்னால் அந்த இலை வாசனை வந்தது. உட்கார்ந்து, அவள் எழுதிய தாளில் உள்ளபடியே அடியில் கை கொடுத்து இகாவை அள்ளினாள்.

சீறல். உருண்டை.

மறுபடி எடுத்தாள். மறுபடியும் உருண்டை. "இகா, நான்தான்டா" என்றாள். "என்னை மறந்துட்டான்ப்பா."

உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்குக் காரணம் தெரியும், தெரிந்துகொண்டே பத்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிடமும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இகா என்னோடேயே இருந்துவிடும்! அப்புறம் அவள் அதைக் கூண்டில் விட்டுவிட்டு, போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். போனில் ஒன்றும் பார்க்கவில்லை, திரை கறுப்பாகத்தான் இருந்தது. நான் பேப்பரை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"மறக்கல. நீ குளிச்சிட்டு வந்திருக்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது ஊர், இருபத்தேழு ஆள், குரோகாவா டாக்டர். சிரித்தாள். சிரிக்கும்போதே அடுத்ததையும் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன். "நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப நான் தூக்கினா அழுவ. உனக்கு என்னைப் பிடிக்கலன்னு நினைச்சுட்டேன். அப்படி நினைச்சே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

அவள் கூண்டுக் கதவைத் தாழிட்டாள்.

"பிடிக்காம எல்லாம் இல்லப்பா. நீங்க யாருன்னுதான் தெரியல."

சுமியே சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மே 6, செவ்வாய்

ரயில் நிலையத்துக்குக் கிளம்பும் முன் போட்டிருந்த பனியனைக் கழற்றி இகாவின் பைக்குள் வைத்தேன். மூன்று நாள் பனியன்.

"புது ஊரு, புது வீடு, பயப்படும். இது இருந்தாத் தூங்கும். வாரத்துக்கு ஒண்ணு அனுப்பறேன். நாளாக ஆக மணம் போயிடும்."

"மணமாப்பா அது?" என்றாள். சுமியே தெருவில் நின்று சிரித்தாள்.

மாலை ஏழு மணிக்குக் கையைக் கழுவப் போனேன், வேண்டாம் என்று திரும்பி வந்தேன். அப்புறம்தான் கூண்டில்லாத மூலையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது, எனக்கும் அப்படியே.

மே 13, செவ்வாய்

முதல் பார்சல். முனைக்கடையில் கூரியர் கொடுத்தேன். உள்ளே என்ன என்று கடைப்பெண் கேட்டாள். "ஆடை" என்றேன். பார்சலை முகர்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மீன் பார்சலுக்குக் கேட்பது போலக் கேட்டாள்:

"குளிர்பதனப் பெட்டியில அனுப்பணுமா, சார்?"

ஜூன் 22, ஞாயிறு

இதுவரை ஆறு பனியன் போயிருக்கிறது. ஏழாவது என் உடம்பில், இன்று இரண்டாம் நாள். மழைக்காலம் வேறு. சுமியே இரண்டு அடி தள்ளியே உட்கார்கிறாள்.

சாயங்காலம் மிச்சிருவிடமிருந்து செய்தி. "இகா இப்ப என் துணியிலயே தூங்கறான். ரெண்டு வாரமாச்சு. உங்க பனியன் இனிமே அவனுக்குத் தேவைப்படாது."

நல்ல முன்னேற்றம், வாழ்த்துகள் என்று பதில் எழுதினேன். அதை அனுப்புவதற்குள் இன்னொன்று வந்தது.

"ஆனா அனுப்பறத நிறுத்தாதீங்கப்பா."

எழுதியதை அழித்துவிட்டு "சரி" என்று மட்டும் அனுப்பினேன்.

சுமியே குளியலறையிலிருந்து கூப்பிடுகிறாள். தண்ணீர் சூடாக இருக்கிறதாம், இன்று பொடி எதுவும் போடவில்லையாம், வந்து குளித்துத் தொலையுங்கள் என்கிறாள். இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.